இடிக்கும் முறையும் தொழிலாளர் உயிரும்

நம் ஊரில் ஓட்டு வீட்டைப் பிரிப்போர் ஓடு, பட்டியல், கைமரம், உத்தரம் என மேலிருந்து இறக்கி, இறுதியிலேயே சுவரில் கை வைப்பர். கட்டிய வரிசைக்கு எதிரான இம்முறையே மாடிக் கட்டடங்களுக்கும் பெரும்பாலும் ஏற்றது. ஆனால், ஆள் ஏறி நிற்கவே தகாத கட்டடமாயின் யாது செய்வது? கட்டடப் பணிக்குச் செல்வோர் நம்முள் பலராதலின் இதனை எழுதுகிறேன்.

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி வந்த தொழிலாளரே அவர்களுள் மிகுதி. எஞ்சிய இணைக் கட்டடத்தின் உச்சியில் சம்மட்டியோடு மீண்டும் தொழிலாளரை ஏற்றுதல் தகுமா? தூண்களில் துளையிட்டு வெடிமருந்து வைத்து, அக்கம்பக்கத்தாரை அகற்றி, 2016 நவம்பர் 2 அன்று சில நொடிகளில் அதனை வீழ்த்தினர். துளையிடவும் தொழிலாளர் உள்ளே சென்றே ஆகவேண்டியிருந்தது. எனினும், அது விழுந்த வேளையில் உள்ளே ஒருவரும் இல்லை.