கெட்டியாக்கினால் வேகமாக ஓடும்

தண்ணீரில் கஞ்சியைக் கலந்தால் அது குழாயில் மந்தமாகத்தான் ஓடும், பம்ப் கூடுதலாக உழைக்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 1940களின் நடுவில் பிரிட்டனில் ஒருவரும் அமெரிக்காவில் ஒருவருமாக இரண்டு வேதியியலாளர்கள் இதற்கு நேர்மாறானதைத் தனித்தனியே கண்டார்கள்.

பிரிட்டன்காரர் பி.ஏ. டாம்ஸ். பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வேகமான ஓட்டத்தில் அறுபடுகின்றனவா என்று பார்ப்பதே அவருடைய வேலை. மானோகுளோரோபென்சீன் என்ற திரவத்தில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டை, அதாவது கண்ணாடிக்குப் பதிலாகப் பயன்படும் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கை, கொஞ்சமாகக் கரைத்துக் குழாயில் செலுத்தினார். மெதுவாக ஓடியவரை விசேஷமில்லை. ஓட்டம் கொந்தளிக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது: அதே அழுத்தத்தில், வெறும் திரவத்தைவிடக் கரைசல் அதிகமாக ஓடியது. 1948இல் ஹாலந்தின் ஸ்கெவனிங்கனில் நடந்த முதல் சர்வதேச ரியாலஜி (பொருள்களின் பாய்வியல்) மாநாட்டில் இதை அவர் சொன்னார். ‘டாம்ஸ் விளைவு’ என்ற பெயர் அப்படி வந்தது.

அமெரிக்காவில் இருந்தவர் போலந்தில் பிறந்த கேரல் மைசெல்ஸ். அவர் கையில் இருந்தது நேபாம், சோப்புப் பொருள் சேர்த்துக் கெட்டியாக்கிய பெட்ரோல். அதுவும் கொந்தளிப்பில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவருக்குக் கிடைத்தது 1949இல் ஒரு காப்புரிமை. பெயர் டாம்ஸுக்குப் போய்விட்டது. போர்க்கால ஆய்வுகளை உடனுக்குடன் பிரசுரிக்க முடியாது. விஞ்ஞானத்திலோ முந்திச் சொன்னவருக்குத்தான் பேர்.

கொந்தளிக்கும் ஓட்டத்தில் குழாய்ச் சுவரை ஒட்டிச் சிறு சிறு சுழிகள் எழுந்து உடைந்துகொண்டே இருக்கும். பம்ப் கொடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதி அவற்றுக்கே தீனி. சும்மா கிடக்கும்போது பாலிமர் மூலக்கூறு சுருண்டிருக்கும். சுவரருகே திரவம் அதைப் பிடித்து இழுக்கும்போது விரிந்து நீளும். நீண்ட சங்கிலிகள் மேலும் இழுபடுவதை எதிர்ப்பதால் சுழிகள் வலுவிழக்கின்றன. சீராக ஓடும் திரவத்தில் அடக்குவதற்குச் சுழியே இல்லை. அங்கே பாலிமர் பாரம்தான்.

1960களில் நியூயார்க் தீயணைப்புத் துறை பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமர் கலந்த தண்ணீரைச் சோதித்தது. இரண்டரை அங்குல ஹோஸில் தண்ணீர் நிரம்பிவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது பெரும்பாடு. பாலிமர் சேர்த்ததும் ஒன்றேமுக்கால் அங்குல ஹோஸே ஏறக்குறைய அந்த அளவு தண்ணீரைக் கொடுத்தது.

ஆனால் இந்தச் சங்கதிக்குப் பெரிய வேலை கிடைத்தது அலாஸ்காவில். ஆர்க்டிக் கரையிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை சுமார் 1,300 கிலோமீட்டர், 48 அங்குலக் குழாய். 1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. 1979இல் அதில் பாலிமரைச் செலுத்தினார்கள். பத்து லட்சம் பங்கு எண்ணெய்க்குச் சில பங்கு பாலிமர் போதும். அதே பம்புகளால் கூடுதல் எண்ணெயைத் தள்ள முடிந்தது. 1988இல் அந்தக் குழாயில் ஒரு நாளைக்கு 20 லட்சம் பேரலுக்கு மேல் ஓடியதில் இதற்கும் பங்குண்டு. ஒரே தொல்லை, டாம்ஸ் தேடப்போன அந்த அறுபடல்தான். பம்பின் சுழலும் இறக்கைகளில் அகப்பட்டால் சங்கிலிகள் துண்டு துண்டாகிவிடும். அதனால் பாலிமரைப் பம்பைத் தாண்டிய பிறகுதான் செலுத்துவார்கள். அடுத்த பம்பைக் கடந்ததும் புதிதாகச் செலுத்த வேண்டும்.

உராய்வு 80 சதவீதம்வரைகூடக் குறையலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எந்தப் பாலிமரானாலும், எவ்வளவு கொட்டினாலும், பொதுவாக அதைத் தாண்டாது. எம்.ஐ.டி.யின் விர்க் 1970களில் அந்த எல்லையை வரைந்து காட்டினார். உராய்வு குறைவதற்கு, சங்கிலிகள் நீளும்போது திரவத்தின் பிசுக்குக் கூடுவதே காரணம் என்றார் ஆய்வாளர் லம்லி. இல்லை, அவை ஸ்பிரிங்போல ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்றார் நோபல் பரிசு பெற்ற தெ ஜென். எல்லை ஏன் அங்கே விழுகிறது என்பதில் இயற்பியலாளர்களின் வாதம் இன்னும் ஓயவில்லை.