போரில் பார்வையிழந்தோரும் நம் ஊர்ப் பர்திமேயுக்களும்

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைவோர், பார்வையற்ற வியாபாரி ஒருவரையேனும் கண்டிருப்பர். மின்சார ரயிலில் பேனாவும் அட்டை உறையும் விற்பவர் அவர். கையிலுள்ள நீண்ட வெண்கோல் இடமும் வலமுமாக மாறி மாறித் தரையைத் தொட, அடுத்த அடி விழவேண்டிய இடத்தை முன்னரே அறிந்து அந்நெரிசலிலும் நடந்துபோகிறார். நம்மில் சிலர் பொருளை வாங்காமலேயே காசை அவர் கையில் வைத்துவிட்டுப் போகிறோம். அவர் விற்க வந்தவர் என்பதை அக்கணத்தில் மறந்துவிடுகிறோம்.

அக்கோலைப் பிடிக்கும் முறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. கோலூன்றி நடந்த குருடர் எக்காலத்திலும் இருந்தனர். ஆனால் நீண்ட கோலை வளைவாக வீசி, எட்டுக்கு எட்டு வழியை ஆராயும் இம்முறை, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில் உருவாயிற்று. முன்பு பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியராயிருந்த ரிச்சர்ட் ஹூவர், கண்ணிழந்து திரும்பிய போர்வீரருக்காக இதனை வகுத்தார். போர்க்களத்தில் காயம்பட்டவனுக்காகக் கண்டறிந்த ஒன்று, பின்னர் தியாகராய நகரின் ரயில் வியாபாரி கைக்கும் வந்து சேர்ந்தது. பார்வையற்றோர் மறுவாழ்வின் சரித்திரத்தைப் புரட்டினால் இப்படிப்பட்ட வரலாறு ஒருமுறையன்று, பலமுறை நிகழ்ந்திருப்பதைக் காண்கிறோம். அவற்றுள் நம் நாட்டுக்கு மிக நெருக்கமானது கிளத்தா மெக்கென்சி என்பவரின் வாழ்க்கை.

அவர் 1895-இல் நியூசிலாந்தில் பிறந்தவர். தந்தையார் தாமஸ் மெக்கென்சி 1912-இல் அந்நாட்டின் பிரதமராகச் சில மாதங்கள் இருந்தவர். மகன் குதிரைப்படையில் சேர்ந்து கலிப்போலிக்குச் சென்றார். நம் நாட்டுச் சீக்கியரும் கூர்க்காக்களும் போரிட்டு மடிந்த அதே களம் அது. 1915 ஆகஸ்டில் சனூக் பேர் என்னும் குன்றில் வெடிகுண்டினால் இரு கண்களையும் இழந்தபோது அவருக்கு வயது இருபது.

லண்டனில் அவரை ஏற்றுக்கொண்டது செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் இல்லம். இதனை 1915-இல் நிறுவிய ஆர்தர் பியர்சன், பெரும் பத்திரிகை அதிபராயிருந்து, கண்நோயினால் தாமே பார்வையை இழந்தவர். இவ்வில்லத்தின் நடைமுறையைப் போதகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். கண்ணிழந்து மருத்துவமனையில் கிடந்த வீரனுக்குப் பியர்சன் அளித்த முதற்கொடை, விரலால் தடவி மணி அறியக்கூடிய ஒரு கைக்கடிகாரம். பொழுது விடிந்ததா, சாய்ந்ததா என்று பிறரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய நிலை அன்றோடு ஒழிந்தது. பிறகு பிரெயில், தட்டெழுத்து, தொலைபேசி இணைப்பகப் பணி, உடல் பிடிப்பு மருத்துவம், கோழி வளர்ப்பு, காலணி செப்பனிடுதல், கூடை முடைதல், தச்சு முதலியவை கற்பிக்கப்பட்டன. ஆசிரியருள் பலர் தாமே பார்வையற்றவர்கள். பார்வையற்றவனுக்கு நம்பிக்கையூட்டப் பார்வையற்றவனே தக்கவன் என்பது பியர்சனின் உறுதியான எண்ணம். இரக்கப் பேச்சு அங்கு விரும்பப்படவில்லை. நம்முடைய நோயாளிச் சந்திப்புகளில் நாம் பெரும்பாலும் எடுத்துச் செல்வது அதைத்தான்.

மெக்கென்சி அங்கே பயின்று, போர் முடியுமுன்னரே நியூசிலாந்துப் படைவீரருக்கான ஏட்டின் ஆசிரியரானார். 1921-இல் ஆக்லந்து கிழக்குத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அப்பதவி போயிற்று. அதன்பின் ஆக்லந்துப் பார்வையற்றோர் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்தி, 1935-இல் சர் பட்டம் பெற்றார். இத்துடன் நின்றிருந்தால் அவர் அந்நாட்டுச் சரித்திரத்தில் மட்டும் இடம்பெற்றிருப்பார்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை இருபத்தைந்து இலட்சம் பேரளவுக்குப் பெருகிற்று. கண்ணிழந்து திரும்பிய இந்திய வீரருக்காக 1943-இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி தொடங்கப்பட்டபோது, அப்பணியை முன்னின்று நடத்தியவர் மெக்கென்சி. அவரிடம் வந்தோர் லண்டன் விடுதியின் மாணவரைப் போன்றவரல்லர். இந்தியச் சிப்பாய்களுள் மிகுதியானோர் கிராமத்து உழவர் குடியினர், பல மொழியினர், பள்ளிக்கூடம் காணாதவர்.

அவர்கள் நடுவில் உழைத்தபோது மெக்கென்சி எதிர்கொண்ட கேள்வியே இக்கட்டுரையின் மையம் எனலாம். போரில் கண்ணிழந்தவனுக்கு அரசு கடன்பட்டிருக்கிறது. ஆகவே அவனுக்கு விடுதி உண்டு, பயிற்சி உண்டு. விடுதியின் வேலிக்கு அப்பால் பெரியம்மையினாலும், கண்ணோயினாலும், சத்துக்குறைவினாலும் கண்ணிழந்து நிற்கும் பிள்ளைக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள்? அரசு அமைத்த குழுவின் சார்பில் அவர் உருவாக்கிய அறிக்கை 1944-இல் வெளிவந்தது. இந்நாட்டில் பார்வையற்றோர் இருபது இலட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பகுதியினரின் குருட்டுத்தன்மை தவிர்த்திருக்கக் கூடியது என்பதையும் அது எடுத்துக்காட்டிற்று. 1947-இல் மத்தியக் கல்வி அமைச்சகத்தில் பார்வையற்றோருக்கென ஒரு பிரிவு ஏற்பட்டது. அதன் பொறுப்பில் அமர்ந்த லால் அத்வானி தாமே பார்வையற்றவர். 1950-இல் டேராடூன் விடுதி, போர்வீரரல்லாத வயதுவந்தோருக்கும் பயிற்சி நிலையமாயிற்று. 1979-இல் தேசிய நிறுவனமாக வளர்ந்த அதன் கிளை ஒன்று நம் பூந்தமல்லியிலும் உண்டு.

எழுத்தின் செய்தியும் இதனோடு சேர்ந்ததே. இங்கு நம் மிஷனெரிகளின் பங்கை மறைப்பது நன்றியீனம். 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையாரும், 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் பள்ளிகளைத் தொடங்கிவிட்டனர். நோல்ஸ், கார்த்வெயிட் என்பார் இந்திய மொழிகளுக்கென ஒரு பிரெயில் முறையை வகுத்தனர். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையைப் புகுத்தியதால், ஒரு பள்ளியில் கற்றவன் வேறொரு பள்ளியின் நூலைத் தொட்டால் பொருள் விளங்காத நிலை ஏற்பட்டது. நம் சபைப் பிரிவினைகளை நன்கறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது! 1949-இல் இந்திய அரசு இதுபற்றி யுனெஸ்கோவின் உதவியை நாட, அந்நிறுவனம் ஆலோசகராக அமர்த்தியது மெக்கென்சியையே. 1951-இல் பெய்ரூட் மாநாட்டுக்குப் பின் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. இதில் தமிழ்க் ககரத்திற்கும் இந்திக் ககரத்திற்கும் ஆங்கிலத்தின் அவ்வொலிக்கும் ஒரே இரு புள்ளிகள். ஒரு மொழியில் பழகிய விரல் அடுத்த மொழியில் பாதி வழியை முன்னரே அறிந்திருக்கிறது. மெக்கென்சி 1966-இல் காலமானார்.

வேதபோதகர் என்ற முறையில் ஒன்று கூறவேண்டும். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் சீஷர் கேட்ட கேள்வி, குருட்டுத்தன்மைக்குக் காரணமான பாவம் யாருடையது என்பது. போர் அக்கேள்வியை வாயடைத்தது. கலிப்போலியில் கண்ணிழந்த வாலிபனைப் பார்த்து எவரும் அப்படிக் கேட்கவில்லை. ஏனெனில் அவன் நம்மவன், நமக்காகக் கண்ணிழந்தவன். தன் பிள்ளைகள் கண்ணிழந்தபோதுதான் உலகம் கடிகாரத்தையும் கோலையும் தொழிலையும் பற்றி இத்தனை தீவிரமாகச் சிந்தித்தது. பர்திமேயுவின் கதையோ பத்தொன்பது நூற்றாண்டுகளாக நம் கையில் இருந்தது. அங்கே ஆண்டவர் பிச்சை இடவில்லை. அவன் விரும்புவது என்னவென்று முதலில் அவனையே வினவினார். நாம் அவ்வசனத்தில் கண் திறந்த அற்புதத்தைப் பிரசங்கித்து, வினாவைத் தாண்டிப் போய்விட்டோம் என்பது என் கருத்து.

இதை நான் பிறரைக் குறைகூறச் சொல்லவில்லை. தென்சென்னையில் அடையாற்றிலும் தேனாம்பேட்டையிலும் கத்தோலிக்கத் துறவியர் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி வருகின்றனர். நான் போதகராயிருந்த ஒரு சபைக்கு, பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் அடையாற்றிலிருந்து ஞாயிறுதோறும் பஸ்ஸில் வருவார். பாட்டு எண்களை வெள்ளிக்கிழமையே தெரிவித்தால், பலகையும் எழுத்தாணியும் கொண்டு கீர்த்தனைகளைத் தாமே பிரெயிலில் குத்திக்கொண்டு வந்துவிடுவதாக ஒருநாள் சொன்னார். எங்கள் கமிட்டியில் இது பேசப்பட்டது. எண்கள் சனிக்கிழமை இரவுதான் முடிவாகும் வழக்கத்தை மாற்றுவது கடினம் என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. முன்வரிசையில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கினோம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வேட்டி கொடுத்தோம். வேட்டியை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, "ஐயா, அந்தப் பாட்டு எண்கள்?" என்று மீண்டும் கேட்டார்.