தாளும் கத்தியும்

கவிதை இயற்றும் நேரம் அது. வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் 31 அசை கொண்ட தங்கா ஒன்றை எழுதித் தர வேண்டும். இறுதி ஏழசை ஆசிரியரின் நெளியும் கரங்களைக் குறிக்கும் சொல்லோடு முடிய வேண்டும் என்பது கட்டளை. எழுதி முடித்தவர் வீட்டுக்குப் போகலாம். நகிசா என்னும் சிறுவன் தாளை ஏந்தி ஆசிரியரை நோக்கி நடக்கிறான். தாளுக்குப் பின்னால் கத்தி இருக்கிறது. அவன் கழுத்தில் உடன் பயிலும் முரடர்கள் மாட்டிவிட்ட வெடி ஒன்றும் தொங்குகிறது. கத்தி தடுக்கப்படுகிறது, வெடி வெடிக்கிறது. ஆசிரியர் தம் தோலை உரித்து அவன்மேல் போர்த்திக் காக்கிறார். பிறகுதான் சினங்கொள்கிறார். தம்மைக் கொல்ல முயன்றதற்காக அன்று. ஏவியவர்கள் நகிசாவின் உயிரை மதிக்கவில்லை, நகிசாவும் தன்னுயிரை மதிக்கவில்லை என்பதற்காக. கத்தியோடு அவன் நெருங்கி வந்த நயத்தை மட்டும் பாராட்டுகிறார்.

'மறைகொலை வகுப்பறை' என்று தமிழில் பெயர் சொல்லத்தக்க ஜப்பானிய அசைவூட்டத் தொடரின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி இது. மட்சுயி யூசெய் எழுதி வரைந்த இந்தச் சித்திரக்கதை 2012 முதல் 2016 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வெளிவந்து 21 தொகுதிகளாக நிறைவுற்றது. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் கிஷி செய்ஜி இயக்கத்தில் 47 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராயிற்று. கதை விந்தையானது. நிலவின் பெரும்பகுதியை அழித்ததாகச் சொல்லிக்கொண்டு, மறுமார்ச்சில் பூமியையும் அழிப்பேன் என்று அறிவிக்கிறது ஆக்டோபஸ் உருவங்கொண்ட மஞ்சள்நிற உயிர் ஒன்று. அதுவரை ஒரு நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு 'ஈ' பிரிவுக்கு ஆசிரியராக இருக்க விரும்புவதாகவும் கூறுகிறது. அதனை ஆண்டு முடிவதற்குள் கொல்லுமாறு அரசு அம்மாணவர்களை இரகசியமாக அமர்த்துகிறது. பரிசு ஆயிரம் கோடி யென். 'கொல்லவொண்ணாத' என்னும் சொல்லையும் 'ஆசிரியர்' என்னும் சொல்லையும் பிணைத்து மாணவர் அவருக்கு இட்ட பெயர் கொரோசென்செய்.

'ஈ' பிரிவு என்பது 'முடிவு' என்பதன் முதலெழுத்து. மதிப்பெண் குறைந்தோரும் ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்டோரும் அங்கே தள்ளப்படுவர். முதன்மைக் கட்டடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில், மலைமேல், பாழடைந்த மரக்கட்டடத்தில் அவர்களுக்கு வகுப்பு. பள்ளிக்கூட்டம் நடக்கும் நாளில் மலையிறங்கி வந்து மற்றவர்களின் நகைப்புக்கு ஆளாகி மீள வேண்டும். மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்து, கடைமாணாக்கர்க்கு ஓட்டைக் குடத்தையும் எருமையையும் உவமை சொன்ன நன்னூலை ஆண்டுதோறும் நடத்தி வருபவள் நான். அந்த மலைக்கட்டடத்தை முதலில் கண்டபோது சிரிப்பு வரவில்லை. நன்னூலார் கடைமாணாக்கரை இனங்காட்டியதோடு நிறுத்தினார். அவர்களுக்கெனத் தனிக் கட்டடம் கட்டவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

இதனைச் சிறுவர் கேளிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆயின் கவிதைத் தாளுக்குப் பின்னால் கத்தி என்னும் அந்த ஒரு காட்சி என்னை ஜப்பானின் கல்வி வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது. இந்தக் கதையில் விளையாட்டாக வரும் செய்தி, அந்நாட்டில் ஒரு காலத்தில் ஆசிரியர்மீது உண்மையாகவே சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. குழந்தைகள் எழுதிய தாள்களுக்குப் பின்னால் ஆயுதம் இருப்பதாக அரசு நம்பியது. மட்சுயி அதனை எண்ணி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணாமல் எழுதினார் என்றால் வியப்பு இன்னும் மிகுதியாகும்.

1918ஆம் ஆண்டு சுசுக்கி மியெக்கிச்சி 'சிவப்புப் பறவை' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். முன்மாதிரிக் கட்டுரைகளைப் பார்த்துப் படியெடுப்பதே எழுத்துப்பயிற்சி என்றிருந்த நாளில், கண்டதைக் கண்டபடி எழுதுங்கள் என்று குழந்தைகளை அழைத்த இதழ் அது. குழந்தைகள் அனுப்பிய கவிதைகளைத் தேர்ந்து திருத்தியவர் பெருங்கவிஞராகிய கித்தஹரா ஹக்குஷூ. ஆனால் கண்டதை எழுதச் சொன்னால் குழந்தை பூவையும் குருவியையும் மட்டுமா எழுதும்? கடனை எழுதும், தந்தையின் குடியை எழுதும், விற்கப்பட்ட தமக்கையை எழுதும். 1930களில் வடகிழக்கு மாவட்டங்களின் சிற்றூர் ஆசிரியர்கள் இவ்வெழுத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்தனர். 'வாழ்க்கை எழுத்து' என்று அதற்குப் பெயர். 1934இல் குளிர்மிகுந்து அப்பகுதியில் விளைச்சல் பொய்த்தது. பசியைப் பற்றி எழுதாத குழந்தைக்கு எழுத வேறொன்றும் இல்லை என்ற நிலை.

1940 தொடக்கத்தில் யமகாத்தா மாவட்டத்தில் முராயாமா தொஷித்தாரோ கைது செய்யப்பட்டார். அமைதிகாப்புச் சட்டத்தின்கீழ் அடுத்த ஈராண்டுகளில் நாட்டின் பல மாவட்டங்களிலும் எழுத்தாசிரியர்கள் தளைப்பட்டனர். வறுமையை எழுதச் செய்வது பொதுவுடைமைக் கருத்தை ஊட்டுவதாகும் என்பது காவல்துறையின் வாதம். ஹொக்கைதோவில் நடந்த கைதுகளைப் பின்புலமாகக் கொண்டு மியுரா ஆயாக்கோ பின்னாளில் 'துப்பாக்கிமுனை' என்று பொருள்படும் புதினத்தை எழுதினார். குழந்தையின் தாளுக்கு எதிரே துப்பாக்கி.

நம்மில் பலர் தமிழில் படித்திருக்கும் 'டோட்டோ-சான்' இக்காலத்துக் கதைதான். முதற்பள்ளி வேண்டாவென்று வெளியேற்றிய சிறுமியின் பேச்சை நான்கு மணி நேரம் அமர்ந்து கேட்ட கொபயாஷி ஸோசாக்குவை யார் மறப்பர்! இரயில்பெட்டிகளை வகுப்பறையாகக் கொண்ட அவருடைய தொமோயே பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்தது. ஆயினும் அது தலைநகரத்துத் தனியார் பள்ளி. நான் இங்கே பேசுவது சிற்றூர்ப் பள்ளிகளில் ஊதியத்துக்குப் பணியாற்றியவர்களைப் பற்றி.

அவர்களது அச்சத்தை இலக்கியமாக்கியவர் ட்சுபோய் சக்காயே. 1952இல் வந்த அவருடைய 'இருபத்து நான்கு கண்கள்' புதினத்தில், 1928இல் தீவுக் கிராமம் ஒன்றுக்கு மிதிவண்டியேறி வருகிறார் ஓய்ஷி என்னும் இளம் ஆசிரியை. பன்னிரண்டு குழந்தைகள், ஆகவே இருபத்து நான்கு கண்கள். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் மாணவர் எழுத்துத் தொகுப்பு ஒன்றின் பொருட்டுக் கைதாகிறார். அத்தொகுப்பைத் தம் வகுப்பிலும் படித்துக் காட்டியதாக ஓய்ஷி சொன்னதும், பதறிப்போன தலைமையாசிரியர் கிடைத்த படியைத் தீயிலிடுகிறார். 1954இல் கினோஷித்தா கெய்சுக்கே இதனைப் படமாக்கியபோது ஓய்ஷியாக நடித்தவர் தக்காமினே ஹிதெக்கோ. இதே நடிகைதான் 1938இல், தொயோதா மசாக்கோ என்னும் ஏழைச் சிறுமியின் கட்டுரைகளைக்கொண்டு எடுக்கப்பட்ட 'எழுத்து வகுப்பறை' என்னும் படத்தில் அந்த மாணவியாக நடித்தவர். எழுதிய சிறுமி பதினாறு ஆண்டுகளுக்குப் பின் எழுத்து எரிவதைப் பார்த்து நிற்கும் ஆசிரியையாகிறாள். இப்படியொரு பொருத்தத்தை எந்தக் கதையாசிரியரும் திட்டமிட்டு அமைக்க முடியாது.

போர் முடிந்தது. 1947இல் புதிய கல்விமுறை வந்து நடுநிலைப் பள்ளியின் மூன்றாண்டுகளும் கட்டாயமாயின. மறு ஆண்டு, முராயாமாவின் அதே யமகாத்தா மாவட்டத்தில், யமமோத்தோ என்னும் மலையூர்ப் பள்ளிக்கு 21 வயது இளைஞர் ஒருவர் ஆசிரியராக வந்தார். பெயர் முச்சாக்கு செய்க்கியோ. ஜென் மடத்துப் பிள்ளை. மாணவர் 43 பேர். கரிச்சூளையும் புகையிலையும் பட்டுப்புழுவுமே ஊரின் பிழைப்பு. சமூகப் பாடநூலோ, குழந்தைகளின் கல்விக்கு வேண்டிய வசதிகள் ஊர்ப்பள்ளிகளில் அமைந்திருப்பதாகச் சொன்னது. அவர்களது பள்ளி கூரைவேய்ந்தது, இருண்டது, நிலப்படமும் ஆய்வுக்கருவியும் இல்லாதது, கிழிந்த தாள்கதவு வழியே பனி உள்ளே வீசியது. பாடநூல் சொல்வது பொய்யா என்று கேட்ட இடத்திலிருந்துதான் அவர் பாடம் நடத்தத் தொடங்கினார். உன் வீட்டில் என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது, எழுது.

மாணவர் எழுதியவை மெழுகுத்தாளில் கீறப்பட்டு, மையுருட்டி, 'புகைவண்டிப் பொறி' என்னும் பெயரில் வகுப்பிதழாக வந்தன. கையெழுத்து இதழ் நடத்திய பட்டறிவுள்ள நம் அன்பர்களுக்கு அந்த மைக்கறை படிந்த விரல்களைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அதில் பனியைப் பற்றி மிகக்குறுகிய கவிதை ஒன்று இருக்கிறது. பெரிய கவிஞரும் பொறாமைப்படுவர். தாயை இழந்த சிறுவன் ஒருவனின் கட்டுரையும் இருக்கிறது. அவன் அழவில்லை, கணக்குப் போடுகிறான். புகையிலைக்கு வந்த பணம் இவ்வளவு, செலவு இவ்வளவு, தாய் வாழ்நாளெல்லாம் உழைத்தும் கடன் ஏன் தீரவில்லை? பள்ளிக்கு வரமுடியாத அவனுடைய வேலைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வகுப்புத் தோழர் திட்டம் வகுத்ததையும் அவன் எழுதுகிறான். ஒப்பாரி மரபிலே வந்த நமக்கு, எண்களால் ஆன இந்த இரங்கற்பா புதிது. 1950இல் அது கல்வியமைச்சர் பரிசு பெற்றது. 1951இல் எல்லாம் சேர்ந்து 'மலை எதிரொலிப் பள்ளி' என்னும் நூலாயின. நாடெங்கும் விற்றது. மறு ஆண்டு இமாய் தடாஷி அதனைப் படமாக்கினார்.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வறுமையை உலகறியச் செய்து எங்கள் மானத்தை வாங்கிவிட்டான் என்று ஊரார் மனம் கொதித்தனர். 1954இல் முச்சாக்கு ஊரைவிட்டுத் தோக்கியோவுக்குப் போனார். முன்பு அரசு செய்ததை இப்போது ஊர் செய்தது. ஊராரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கடன்பட்டவன் தன் கடன்கணக்கை அச்சில் காண நாணுவது இயல்பே. ஆனால் அந்தச் சிறுவன் எழுதாமலிருந்தால் கடன் குறைந்திருக்குமா? இவ்வினாவுக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. முச்சாக்கு நெடுங்காலம் வாழ்ந்து 2023இல், 95ஆம் வயதில் மறைந்தார்.

இதன்பின் வகுப்பறைக் கதைகளின் இடம் மாறுகிறது. வறுமை பின்வாங்க, தேர்வு முன்னே வருகிறது. கட்டாயக் கல்வி முடியும் மூன்றாம் ஆண்டுதான் மேல்நிலைப் பள்ளி நுழைவுத்தேர்வின் வாசல். ஆகவே 15 வயதில் பிள்ளைகள் பிரிக்கப்படுகின்றனர். 1979இல் தொடங்கி 2011 வரை இடைவிட்டு வந்த 'மூன்றாம் ஆண்டு பி பிரிவு கின்பாச்சி ஆசிரியர்' தொலைக்காட்சித் தொடர் இந்த வாசலிலேயே நிற்கிறது. அதில், வேறு பள்ளியார் 'அழுகிய ஆரஞ்சு' என்று வெளியேற்றிய மாணவனுக்காக வாதாடுபவர் மொழியாசிரியர். எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி! ஓனிசுக்கா என்னும் முன்னாள் மோட்டார்சைக்கிள் போக்கிரி ஆசிரியனாகும் 'ஜிடிஓ' சித்திரக்கதை 1997இல் தொடங்கி, 1999இல் அசைவூட்டத் தொடருமாயிற்று. மாணவியின் வீட்டுச் சுவரைச் சம்மட்டியால் இடித்துத் தாய்தந்தையரைச் சேர்த்துவைப்பவன் அவன். நகைச்சுவை கொச்சையானது, சுவரைப் பற்றிய கருத்து கொச்சையானதன்று.

மீண்டும் மலைமேல் வருவோம். 'ஈ' பிரிவை உண்டாக்கிய பள்ளித்தலைவரின் பெயர் அசானோ. நம் 'ஆசான்' என்னும் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. நூற்றில் ஐவர் இழிநிலையில் இருந்தால் அதனை அஞ்சி மற்றவர் உழைப்பர் என்பது அவர் கொள்கை. இவரைக் கொடியவராக மட்டும் படைத்திருந்தால் கதை மலிந்திருக்கும். அந்தப் பாழடைந்த கட்டடம் ஒரு காலத்தில் அவரே நடத்திய சிறிய பயிற்சிக்கூடம். அவருடைய முதல் மாணவருள் ஒருவன், நல்லவன், பின்னாளில் சகமாணவரின் கொடுமை தாளாது தற்கொலை செய்துகொண்டான். நல்லவனாக வளர்த்தது போதவில்லை, வலியவனாக வளர்க்க வேண்டும் என்று அன்று அவர் மனம் திரிந்தது. தோற்றுப்போன ஒரு நல்லாசிரியரே அவர். வகுப்பெடுப்போர் யாவரும் அஞ்ச வேண்டிய பாத்திரம் இது, கொரோசென்செய் அன்று.

கொரோசென்செய்யின் வரலாறும் பின்னர்த் தெரிகிறது. முன்பு கொலைஞனாயிருந்து ஆய்வுக்கூடத்தில் உருமாற்றப்பட்டவர். இறக்கும் தறுவாயில் அவ்வகுப்பின் முன்னாள் ஆசிரியை வேண்டிக்கொண்டதால் வந்தவர். முதற்பகுதியில் அவர் வருகைப்பதிவு எடுக்கும்போது மாணவர் அனைவரும் துப்பாக்கியால் சுடுகின்றனர். ஓசையில் பெயர் கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்கிறார். இறுதியில், மாணவர் அவருடைய கரங்களை அழுத்திப் பிடித்திருக்க, நகிசா நெஞ்சின்மேல் கத்தியோடு அமர்ந்திருக்க, கடைசி வருகைப்பதிவு நடக்கிறது. ஒவ்வொரு பெயராக அழைக்கிறார். ஒவ்வொருவரும் அழுதுகொண்டே உள்ளேன் என்கின்றனர். பெயர்கள் தீர்ந்தபின் கத்தி இறங்குகிறது. சினத்தோடு இறங்கவிருந்த கையை அவர் தடுத்து, நகைமுகத்தோடு செய்யச் சொன்னபின்.

1940இன் ஆசிரியர்களை அரசு அகற்றியது. முச்சாக்குவை ஊர் அகற்றியது. சோசெக்கி 1906இல் எழுதிய 'பொச்சான்' கதையின் கணித ஆசிரியனோ சக ஆசிரியரின் சூழ்ச்சியைப் பொறாமல் முட்டையால் அடித்துவிட்டுத் தானே வேலையை உதறிப் போனான். மாணவர் கையாலேயே அனுப்பிவைக்கப்படும் ஆசிரியரைக் காண ஜப்பானியக் கதையுலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது என்பேன்.

வகுப்பறைக்குத் திரும்பிய மாணவர் தத்தம் மேசைமீது தடித்த அறிவுரை நூலொன்று இருக்கக் காண்கின்றனர். ஒவ்வொன்றும் அவரவர்க்கெனத் தனித்தனியே எழுதப்பட்டது. ஏழாண்டுகள் கழிகின்றன. பரிசுப்பணத்தில் ஒரு பகுதியால் அவர்கள் அந்த மலையை விலைக்கு வாங்கி வைத்திருக்கின்றனர். அவ்வப்போது கூடி, மரக்கட்டடத்தின் தரையைத் துடைத்து, புல் செதுக்கிவிட்டுப் போகின்றனர். நகிசா மட்டும் வேறொரு பள்ளியில், தன்னைவிட உயரமான முரட்டு மாணவர் நிறைந்த வகுப்பொன்றில், பயிற்சி ஆசிரியனாகக் கரும்பலகை முன் நின்றுகொண்டிருக்கிறான்.