பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையில் லெவாமிசோல்: 1966–2000

1990 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லெவாமிசோலுக்கு ஒப்புதல் தந்தபோது, ஆடுமாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுத்துவந்த மருந்து ஒன்று பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சைக்குள் முறைப்படி நுழைந்தது. பத்தே ஆண்டுகளில் வெளியேறியும் விட்டது. இந்த ஏற்ற இறக்கத்தின் காரணத்தை மருந்தின் குணத்தைவிட, அதைச் சோதித்த ஆய்வின் அமைப்பில்தான் தேட வேண்டும்.

பெல்ஜியத்தின் யான்சென் ஆய்வகத்தார் 1966இல் டெட்ராமிசோல் என்ற புழு மருந்தை அறிவித்தனர். அதன் இரு ஆடிப்பிம்ப வடிவங்களுள் புழுவைக் கொல்வதில் வல்லது லெவாமிசோல். புழுவின் தசையிலுள்ள அசெட்டைல்கோலின் ஏற்பிகளை அது ஓயாமல் தூண்டும். தசை விறைத்துப் பிடிப்பிழந்த புழு மலத்தோடு வெளியேறும். இதில் புற்றுநோய்க்கு வேலையே இல்லை. ஆனால் 1971இல் பிரான்சில் ஜெரார் ரெனூ, மிஷெலின் ரெனூ இருவரும், எலிகளுக்குப் போட்ட புரூசெல்லா தடுப்பூசியின் வலுவை இம்மருந்து கூட்டுவதைக் கண்டனர். எதிர்ப்பாற்றலைத் தூண்டியே புற்றை வெல்லலாம் என்ற நம்பிக்கை ஓங்கியிருந்த காலம் அது. காசநோய்க்கான பிசிஜியைக்கூடக் கட்டிகளில் செலுத்திப் பார்த்தார்கள். லெவாமிசோலோ வாயில் போட்டு விழுங்கும் மலிவான மாத்திரை. பல வகைப் புற்றுகளில் முயன்றார்கள்; முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன.

திருப்பம் தந்தது மேயோ கிளினிக்கின் சார்லஸ் மோர்டெல் தலைமையில் நடந்து, 1990 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு. அறுவை முடிந்த 1296 நோயாளிகள் அதில் இருந்தனர். 50 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள். இரு வாரத்துக்கு ஒருமுறை இப்படியே ஓராண்டு. கூடவே 5-ஃப்ளோரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்து ஊசியாக. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தவர்களில், இந்தக் கூட்டுச் சிகிச்சை நோய் திரும்பும் அபாயத்தை 41 விழுக்காடும் இறப்பு விகிதத்தை 33 விழுக்காடும் குறைத்தது. லெவாமிசோலை மட்டும் பெற்றவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை.

அந்தக் கடைசி வரியே எச்சரித்திருக்க வேண்டும். கணுக்களுக்குப் பரவிய நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: சிகிச்சையின்றிக் கண்காணிப்பு, லெவாமிசோல் மட்டும், இரண்டும் சேர்த்து. ஃப்ளோரோயூராசில் மட்டும் பெறும் நான்காம் குழு இல்லை. அறுவைக்குப் பின் அம்மருந்தைத் தனியே கொடுத்த பழைய ஆய்வுகள், பெரும்பாலும் சிறியவை, தெளிவான பலன் காட்டவில்லை. ஆகவே அது தனித்து நில்லாது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார்கள். கிடைத்த நன்மை யாருடையது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனது. பெயர் புழு மருந்துக்குப் போயிற்று.

இதற்கிடையே விலைச் சண்டை. கால்நடை மருந்தாகச் சில காசுக்குக் கிடைத்த அதே பொருள், மனிதருக்கான மாத்திரையானதும் ஏறக்குறைய நூறு மடங்கு விலையேறியது. 1992இல் மோர்டெலே இதைப் பொதுமேடையில் கண்டித்தார். அரசுப் பணத்தில் நடந்த சோதனையின் பலனை நிறுவனம் அறுவடை செய்கிறது என்ற அவரது ஆத்திரம் நியாயமானதே.

விடுபட்ட கேள்விக்கு விடை பிறகு வந்தது. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஃப்ளோரோயூராசிலுடன் அதன் வலுவைக் கூட்டும் லூக்கோவோரின் பெற்றவர்கள் லெவாமிசோல் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தனர். மூன்றையும் சேர்த்ததால் கூடுதல் நன்மை இல்லை. 2000இல் பிரிட்டனின் குவாசர் ஆய்வு 4927 பேரிடம் லெவாமிசோலைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டது. மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தோர் லெவாமிசோல் குழுவில் 69.4 விழுக்காடு, போலி மாத்திரைக் குழுவில் 71.5. போதாக்குறைக்கு, வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும் பக்கவிளைவும் உண்டு. அமெரிக்கச் சந்தையிலிருந்து மருந்து விலகியது.

இப்போது அதே வரிசையில் வேறு புழு மருந்துகள் நிற்கின்றன. 2014இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள், மெபெண்டசோலால் பரவிய பெருங்குடல் புற்று சுருங்கியதாக ஒரே ஒரு நோயாளியின் விவரத்தை வெளியிட்டார்கள். பெர்லினில் நிக்லோசமைடு, புற்று பரவத் துணைபோகும் எஸ்100ஏ4 மரபணுவை அடக்குவதாக ஆய்வகத்தில் தெரிந்து, நோயாளிகளிடம் சோதனைக்குப் போனது. அந்தச் சோதனையிலும் ஒப்பீட்டுக் குழு கிடையாது.