பேராதனை மேடையிலே நமது கூத்து

ஈழத்துத் தமிழரின் நாடக வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு 1956ஆம் ஆண்டு வியப்பூட்டும் ஓர் ஆண்டாகும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. நவம்பர் 3ஆந் திகதி, கொழும்பு லயனல் வென்ற் அரங்கிலே எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ அரங்கேறியது. சிங்கள நாடகத்தின் மறுமலர்ச்சி என்று கொண்டாடப்பட்ட அதன் வடிவம் ‘நாடகம’. அதுவோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. (சரச்சந்திர ஒருகாலத்தில் நம் கல்கிசைப் புனித தோமையர் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் என்பதை அயலிலுள்ள நாம் அறிந்திருத்தல் நன்று.) அயல் வீட்டார் துலக்கி வைத்த பின்னரே நம் வீட்டுக் குத்துவிளக்கின் அருமை நமக்குப் புலப்பட்டது!

அந்த அருமையை முதலில் உணர்ந்து செயலில் இறங்கியவர், சரச்சந்திரவுடன் பேராதனையிலே பணியாற்றிய தமிழ் விரிவுரையாளர் சு. வித்தியானந்தன் ஆவார். 1924இல் பிறந்த இவர், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதிய உரைநடை நாடகங்களை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிப் பழகியவர். பின்னர் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகி, ஊரூராகக் கூத்துப் போட்டிகள் நடத்தினார். அண்ணாவிமாரை அழைத்துக் கௌரவித்தார். மன்னார்க் கத்தோலிக்கரின் ‘எண்டிரிக் எம்பரதோர்’ நாடகத்தையும் 1964இல் பதிப்பித்தார். கூத்தில் அவருக்குச் சமயபேதம் இருக்கவில்லை.

1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1967இல் ‘வாலிவதை’ என அவர் நெறிப்படுத்திய கூத்துக்கள் பல்கலைக்கழக மேடை ஏறின. ஆடியோர் தொழில்முறை நடிகரல்லர். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்.

கிராமத்திலே கூத்து என்பது எத்தகையது? சட்டம் கொடுத்த நாள் முதல் மாதக்கணக்காகப் பழக்கம் நடைபெறும். அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் சனம் அமர்ந்திருக்கும். மத்தளமும் சல்லரியும் முழங்க, கரப்புடுப்பும் முடியும் தரித்த அரசர் வரவு ஆடி வருவர். விடியும்வரை கதை நீளும். ஒரே பாட்டை நடிகரும் பாடுவார், பிற்பாட்டுக்காரரும் பாடுவர். இதனை ஒருபக்கம் மாத்திரம் திறந்த மண்டபத்திலே, இரண்டு மணித்தியாலத்துக்குள் காட்டவேண்டும். வித்தியானந்தன் மீள வரும் பாட்டுக்களைக் குறைத்தார். ஆட்டத்தோடு நடிப்பையும் வற்புறுத்தினார். பாத்திரத்தின் உள்ளப் போராட்டத்தை முன்னே கொணர்ந்தார். ‘இராவணேச’னில் இராவணன் வெறும் அரக்கனல்லன், வீழ்வோமென அறிந்தும் மானத்தை விடாத மன்னன். அந்நாடகத்தை எழுதி, இராவணனாகவும் ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு.

இவ்வாறு சுருக்கியது முறையா என்ற வினா எழுந்தது, இன்றும் எழுகின்றது. களரியைச் சுற்றியிருந்தோர் பார்வையாளர் மாத்திரமல்லர், அக்கூத்துக்கு உரியவர்கள். கொழும்பு மண்டபத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்பவர் அத்தகையவரல்லர். இந்த இழப்பு பெரிதுதான். ஆயினும் ஆங்கிலம் கற்றோர் கூத்தைப் பாமரர் கேளிக்கையென ஒதுக்கியிருந்த காலத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். எம்போன்ற மிஷன் பாடசாலைப் பிள்ளைகள் ஆண்டு விழாவிலே சேக்ஸ்பியர் காட்சிகளை நடித்தோம். தாளக்கட்டு ஒன்றேனும் கற்றோமல்லோம். அந்த ஒதுக்கலை உடைப்பதற்குச் சுருக்கிய கூத்தே வழியாயிற்று என்பது என் துணிபு. முழு இரவுக் கூத்தை அப்படியே கொண்டுவந்திருந்தால் நகரத்தார் பாதியில் எழுந்து போயிருப்பர்.

இதன் அடுத்த படியைக் குருவைவிடச் சீடர்களே ஏறினர். புராணக் கதையோடு நில்லாது, 1960களின் இறுதியில் மௌனகுரு ‘சங்காரம்’ என்ற நாடகத்திலே சாதிக் கொடுமைக்கெதிரான போராட்டத்தைக் கூத்தின் ஆட்டத்தாலேயே காட்டினார். வித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதற் துணைவேந்தராகி, 1989இல் மறைந்தார். ‘இராவணேசன்’ அதற்குப் பின்னரும் மட்டக்களப்பிலே, மௌனகுருவின் நெறியாள்கையில், புதிய மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேறியது.