அவுட்லேண்டர்: ராஜாவிடம் தோற்றவர்கள் ஏன் ராஜா பக்கமே நின்றார்கள்?



இந்தத் தடவை ஒரு டிவி தொடரை வைத்துக்கொண்டு கொஞ்சம் வரலாறு பேசலாம் என்று இருக்கிறேன். தொடரின் பெயர் 'அவுட்லேண்டர்'. டயானா கபால்டன் எழுதிய நாவல்களை வைத்து 2014-ல் ஆரம்பித்தது. நம் வகுப்பிலும் இதற்கு ரசிகர்கள் உண்டு. பார்க்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கீழே கதையின் சில திருப்பங்களைச் சொல்லிவிடுவேன். அப்புறம் திட்டக்கூடாது :-)

கதை இதுதான். இரண்டாம் உலகப் போரில் நர்ஸாக இருந்த கிளேர் என்ற பெண், 1945-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பழைய கல்வட்டத்தைத் தொடுகிறாள். கண்ணைத் திறந்தால் 1743! அங்கே ஜேமி ஃப்ரேஸர் என்ற மலைநாட்டு வீரனைச் சந்தித்து, மணந்து, பல பாடுபட்டு, நான்காவது சீசனில் (2018) இருவரும் 1767-ம் ஆண்டின் வட கரோலினாவில் குடியேறுகிறார்கள். அப்போது அது இங்கிலாந்து ராஜாவின் காலனி. இன்னும் ஒன்பது வருடத்தில் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்யப்போகிறது. இது கிளேருக்குத் தெரியும். அவள் சொல்லி ஜேமிக்கும் தெரியும்.

இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் பேசிக்கொள்ளும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஜேமிதான் ராஜாவோடு சண்டை போட்டுத் தோற்றவன் ஆச்சே, அவன் எப்படி அதே ராஜாவின் கவர்னரிடம் நிலம் வாங்கிக்கொண்டு, அவருக்காகப் படை திரட்டுகிறான்? நம்பும்படி இல்லையே!"

நான் சொல்ல வருவது என்னவென்றால், கதையில் வருவதை விட நிஜத்தில் நடந்ததுதான் நம்ப முடியாதது.

முதலில் கலோடன்

1746 ஏப்ரல் 16. ஸ்காட்லாந்தின் கலோடன் மேட்டுவெளி. பழைய ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் வாரிசான இளவரசர் சார்லஸுக்காக மலைநாட்டு மக்கள் (ஹைலேண்டர்கள்) வாளோடு நிற்கிறார்கள். எதிரே இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் படை, துப்பாக்கி, பீரங்கி. சண்டை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. இளவரசர் தரப்பில் விழுந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. காயம்பட்டுக் கிடந்தவர்களையும் கொன்றார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள், மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆயுதம் வைத்திருக்கத் தடை. ஆண்கள் மலைநாட்டு உடை உடுத்தத் தடை. குலத்தலைவர்கள் தங்கள் மக்கள் மேல் வைத்திருந்த நீதி அதிகாரமும் போனது. உடைத் தடை 1782 வரை நீடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோற்ற இளவரசர் மலைகளில் ஒளிந்து திரிந்தபோது அவரைக் காப்பாற்றியவர் ஃப்ளோரா மெக்டொனால்ட் என்ற இளம்பெண். இளவரசருக்குப் பெண் வேடம் போட்டு, தன் வேலைக்காரி என்று சொல்லி, படகில் ஸ்கை தீவுக்கு அழைத்துப் போனார். பிறகு பிடிபட்டு லண்டனில் காவலில் இருந்து, 1747-ல் விடுதலை ஆனார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

கப்பல் ஏறியவர்கள்

கலோடனில் தோற்றவர்களை நாடு கடத்தியதால்தான் வட கரோலினாவில் ஸ்காட்டிஷ்காரர்கள் நிறைந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. 1739-லேயே, அதாவது கலோடனுக்கு ஏழு வருடம் முன்னாலேயே, ஆர்கைல் பகுதியிலிருந்து சுமார் 350 பேர் வந்து கேப் ஃபியர் ஆற்றங்கரையில் குடியேறிவிட்டார்கள். பெரிய கூட்டம் வந்தது 1760-களின் கடைசியிலும் 1770-களிலும். காரணம் போர் இல்லை, குத்தகை. நிலச்சொந்தக்காரர்கள் குத்தகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். குலத்தலைவன் என்று கும்பிட்டு நின்ற ஆள் வெறும் நிலச்சுவான்தாராக மாறிவிட்டார். விளைச்சலும் பொய்த்தால் கப்பல்தான் கதி.

1773-ல் ஸ்கை தீவுக்குப் போன பாஸ்வெல் என்ற எழுத்தாளர் அங்கே ஒரு நடனத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு ஜோடி சுழல ஆரம்பிக்கும், அதைப் பார்த்து அடுத்த ஜோடி, அப்புறம் அடுத்தது... கடைசியில் எல்லோரும் சுழல்வார்கள். நடனத்தின் பெயர் 'அமெரிக்கா'! ஒருவர் போனால் ஊரே கிளம்புகிறது என்பதை ஆடிக் காட்டியிருக்கிறார்கள். ஒரு ஊர் காலியாவதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

அடுத்த வருடம், 1774-ல், அதே சுழலில் ஃப்ளோரா மெக்டொனால்டும் கணவர் ஆலனும் வட கரோலினா வந்து சேர்ந்தார்கள்.

ரெகுலேட்டர்கள் (ஃபேன் ரெகுலேட்டர் இல்லை!)

அவர்கள் வருவதற்கு மூன்று வருடம் முன்பே அங்கே ஒரு உள்ளூர்ப் போர் நடந்து முடிந்திருந்தது. ஐந்தாவது சீசனின் (2020) மையமே இதுதான்.

காலனியின் மேற்குப் பக்கத்து விவசாயிகளுக்குக் கையில் காசு கிடையாது. ஆனால் வரியைக் காசாகக் கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாதவனின் குதிரையையும் மாட்டையும் ஜப்தி செய்தார்கள். ஷெரீஃப்கள் வசூலித்த பணத்தில் ஒரு பகுதி கஜானாவுக்குப் போகவே இல்லை. வழக்கு, பத்திரப் பதிவு என்று எதற்குப் போனாலும் சட்டத்தில் உள்ளதைவிட அதிகக் கட்டணம். இந்த நேரத்தில் கவர்னர் வில்லியம் ட்ரையன் நியூ பெர்ன் ஊரில் 1767 முதல் 1770 வரை தனக்கு ஒரு மாளிகை கட்டினார். அந்தச் செலவும் மக்கள் தலையில்தான் விழுந்தது. நிர்வாகத்தை நாங்களே ஒழுங்குபடுத்துகிறோம் என்று கிளம்பிய விவசாயிகள்தான் 'ரெகுலேட்டர்கள்'.

மனு கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள், பலன் இல்லை. 1770 செப்டம்பரில் ஹில்ஸ்பரோ நீதிமன்றத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 1771 மே 16 அன்று அலமான்ஸ் என்ற இடத்தில் ட்ரையனின் ஆயிரம் பேர் கொண்ட மிலிஷியாவும் சுமார் இரண்டாயிரம் ரெகுலேட்டர்களும் மோதினார்கள். ஆள் பலம் இருந்தும் ரெகுலேட்டர்களிடம் பீரங்கி இல்லை, தளபதி இல்லை. துப்பாக்கி இல்லாமல் வந்தவர்களே நிறையப் பேர். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஜேம்ஸ் ஃபியூ என்பவரை விசாரணையே இல்லாமல் அங்கேயே தூக்கில் போட்டார்கள். ஜூன் 19-ல் இன்னும் ஆறு பேர். ஆயிரக்கணக்கானவர்கள் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்து மன்னிப்பு வாங்கினார்கள்.

தொடரில் ஜேமிக்கு ட்ரையன் சிவப்புக் கோட்டு மாட்டிவிடுவார். கலோடனில் தன்னை எதிர்த்து நின்றவர்கள் போட்டிருந்த அதே நிறம். எதிர்ப்பக்கம் ரெகுலேட்டர்களின் தலைவனாக அவன் ஞானத்தகப்பன் மர்டா. (நாவலில் மர்டா கலோடனிலேயே இறந்துவிடுவார், தொடரில்தான் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.) ரெகுலேட்டர்கள் தோற்கப்போகிறார்கள் என்று எதிர்காலத்திலிருந்து வந்தவர்கள் எச்சரித்தும் மர்டா விலகவில்லை. அந்தச் சண்டையிலேயே இறந்தும் போகிறார்.

இப்போது நிஜ வரலாறு செய்த வேடிக்கையைப் பாருங்கள். அலமான்ஸில் ட்ரையனோடு நின்று விவசாயிகளைச் சுட்ட படைத் தலைவர்களில் ரிச்சர்ட் காஸ்வெல், ஜேம்ஸ் மூர் இருவரும் உண்டு. ஐந்தே வருடத்தில் அதே இருவரும் ராஜாவை எதிர்க்கும் புரட்சிப் படையின் தலைவர்கள்! காஸ்வெல் சுதந்திர வட கரோலினாவின் முதல் கவர்னராகவே ஆனார். அப்படியானால் அலமான்ஸில் அடிபட்ட விவசாயி 1776-ல் யார் பக்கம் போவான்? தன்னைச் சுட்டவன் "விடுதலை" என்று கூப்பிட்டால் நம்புவானா? சிலர் புரட்சிக்குப் போனார்கள், சிலர் ராஜாவுக்குப் போனார்கள், நிறையப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தார்கள்.

பலகை இல்லாத பாலம்

1776 பிப்ரவரி 27, விடிவதற்குச் சற்று முன். இடம் மூர்ஸ் கிரீக் என்ற ஓடை.

ட்ரையனுக்குப் பின் வந்த கவர்னர் ஜோசையா மார்ட்டின் ராஜாவுக்காகப் படை திரட்டச் சொல்லி அழைப்பு விடுத்திருந்தார். அந்த அழைப்புக்கு அதிகம் வந்தவர்கள் யார்? கேலிக் மொழி பேசும் மலைநாட்டு மக்கள்! கலோடனில் தோற்ற அதே இனம். ஃப்ளோராவின் கணவர் ஆலனும் அதில் ஒருவர். முப்பது வருடம் முன் ராஜாவின் எதிரியைப் பெண் வேடத்தில் காப்பாற்றியவரின் குடும்பம், இப்போது அதே அரச குடும்பத்துக்காக.

ஓடையின் அக்கரையில் காஸ்வெலின் ஆட்கள் பாலத்தின் பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்த உத்தரங்களில் கொழுப்பையும் சோப்பையும் தடவி வைத்தார்கள். மண்மேட்டுக்குப் பின்னால் சுமார் ஆயிரம் பேர், இரண்டு பீரங்கி. மலைநாட்டு வீரர்கள் பழைய வழக்கப்படி வாளை உருவிக்கொண்டு கத்தியபடி பாய்ந்தார்கள். வழுக்கும் மரத்தில் தடுமாறிக் கரையேறியவர்களைச் சில நிமிடங்களில் சுட்டு வீழ்த்தினார்கள். முன்னால் ஓடிய டொனால்ட் மெக்லியட் அங்கேயே இறந்தார். புரட்சித் தரப்பில் இறந்தது ஒரே ஒருவர். அடுத்த சில நாட்களில் ராஜா தரப்பில் சுமார் 850 பேர் பிடிபட்டார்கள், ஆலனும் சிறைப்பட்டார். ஃப்ளோராவின் சொத்து பறிபோனது. 1779-ல் ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறி, 1790-ல் ஸ்கை தீவிலேயே இறந்தார். ஒரே ஆயுளில் இரண்டு முறை தோற்ற பக்கம்!

ஏன் போனார்கள்?

"அறிவில்லையா இவர்களுக்கு?" என்று கேட்பது சுலபம். அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள்.

ஒன்று, ராஜாவை எதிர்த்தால் என்ன ஆகும் என்று அந்தக் காலனியில் மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்கள் படித்த பாடம் கலோடன். எரிந்த வீட்டைப் பார்த்தவன் இரண்டாவது முறை அந்தப் பக்கம் போவானா?

இரண்டு, நிலம். குத்தகை தாங்காமல் ஓடி வந்தவனுக்கு நிலப்பட்டா என்றால் உயிர். பட்டா ராஜாவின் பெயரில் வருகிறது. ராஜா போனால் பட்டா செல்லுமா?

மூன்று, அவர்களின் ஊர்ப் பெரியவர்கள் பலர் பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து அரைச் சம்பளம் வாங்கும் பழைய அதிகாரிகள். மொழியும் தெரியாத கடற்கரைப் பண்ணையார்கள் சொல்வதைக் கேட்பதா, கூடவே கப்பலில் வந்த பெரியவர் சொல்வதைக் கேட்பதா?

அதற்காக எல்லோரும் போய்விடவும் இல்லை. வந்து பல காலம் ஆன குடும்பங்களில் பலர் ஒதுங்கி நின்றார்கள், சிலர் எதிர்ப்பக்கமே சேர்ந்தார்கள்.

இது வட கரோலினாவில் மட்டும் நடந்ததும் இல்லை. 1745 எழுச்சியில் ராஜாவுக்கு எதிராக வாளெடுத்துப் பிடிபட்டு மன்னிப்புப் பெற்ற லார்ட் மெக்லியட் என்பவர், பிற்காலத்தில் ராஜாவுக்காகவே ஒரு மலைநாட்டு ரெஜிமென்ட் திரட்டினார். அது 1780 ஜனவரியில் வந்து இறங்கிய இடம் நம்ம சென்னை! அந்த ரெஜிமென்ட்டின் ஒரு பகுதிதான் அதே செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலி, திப்புவின் படையிடம் சிக்கியது.

இன்னொரு ஆள்

"சரியான பக்கம்" என்பது எவ்வளவு சிக்கல் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லி முடிக்கிறேன். தொடரில் ஜேமியின் சித்தி ஜொகாஸ்டாவின் பண்ணையில் அடிமைகள் வேலை செய்வார்கள். அவர்களுக்கு விடுதலை கொடுக்க நினைத்தாலும் சட்டம் தடுக்கும் என்று காட்டுவார்கள். அது உண்மை. 1741 சட்டப்படி, சிறந்த சேவை செய்தார் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் அங்கே ஒரு அடிமையை விடுவிக்க முடியும்.

அதே வட கரோலினாவின் வில்மிங்டனில் தாமஸ் பீட்டர்ஸ் என்ற அடிமை இருந்தார். மூர்ஸ் கிரீக் சண்டை நடந்த அதே 1776-ல் எஜமானிடமிருந்து தப்பி, பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் நோவா ஸ்கோஷியா போனார். கொடுத்த வாக்குப்படி நிலம் தரவில்லை என்று லண்டன் வரை போய் முறையிட்டார். 1792-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் குடியேற முக்கியக் காரணமாக இருந்தார். பாடப்புத்தகக் கணக்குப்படி அவரும் தோற்ற பக்கம்தான். ஆனால் அவருடைய சுதந்திரம் ராஜாவின் படையில்தான் கிடைத்தது. "விடுதலை" என்று முழங்கிய பக்கம் அவரை விலைக்கு வாங்கிய பக்கம்.

அவுட்லேண்டரைப் பார்க்கும்போது நாம் எல்லோருமே கிளேர்தான். 1776 ஜூலை 4 வரப்போகிறது என்று நமக்குத் தெரியும். அந்தத் தெம்பில் திரையைப் பார்த்து, "அந்தப் பக்கம் போகாதே" என்று கத்துகிறோம். ஃப்ளோராவுக்கும் பீட்டர்ஸுக்கும் அலமான்ஸ் விவசாயிக்கும் அந்த வசதி கிடையாது. கையில் இருந்தது பழைய காயமும், ஒரு துண்டு நிலமோ ஒரு வாக்குறுதியோ மட்டும்தான். அதை வைத்துத்தான் முடிவு எடுத்தார்கள். அடுத்த தேர்வில் "ராஜ விசுவாசிகள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகும்போது, அந்த ஒரு வரிக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஞாபகம் வந்தால் போதும்.

தொடரைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: நீங்கள் ஜேமியாக இருந்திருந்தால் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டிருப்பீர்களா? பின்னூட்டத்தில் சண்டை போடலாம், வாங்க.