பாட்டிலில் வந்த நத்தைகள்

 கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். வீட்டில் கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கிறானாம். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன ஆறு கடல் நத்தைகளைக் கூரியரில் வரவழைத்திருக்கிறான். கீழே ஒரு வரி: "டீச்சர், ராமேஸ்வரம் ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் இருக்குமா? 1991 பள்ளிச் சுற்றுலா. பாறை இடுக்கில் நீங்கள் பொறுக்கிய நத்தைகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கடல் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, மூடியை இறுகத் திருகி பஸ்ஸில் கொண்டுவந்தோம். விடிந்து பார்த்தால் பாதி செத்து ஒரே நாற்றம். மீதியையாவது காப்பாற்றலாம் என்று குழாய்த் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்து, "இதுதான் நம்ம கடல்" என்று சொல்லி அதில் விட்டேன். சாயங்காலத்துக்குள் அவையும் போய்விட்டன. அழுத பிள்ளைகளிடம், "வெயில் தாங்கல கண்ணுங்களா" என்றேன்.

அந்தப் பதில் தப்பு. இப்போது ஓய்வில் படிக்கும்போதுதான் தெரிகிறது, நான் தடுக்கி விழுந்த அத்தனை இடத்தையும் லண்டன்காரர்கள் 1850-களிலேயே தாண்டியிருக்கிறார்கள்.

அன்னா தைன் என்ற அம்மையாரிலிருந்து ஆரம்பிக்கலாம். 1846-ல் டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல் தண்ணீரை அடிக்கடி வரவழைப்பது கட்டுப்படியாகவில்லை. அதனால் வீட்டுப் பணிப்பெண், திறந்த ஜன்னலருகே நின்று, அந்தத் தண்ணீரைத் தினமும் அரைமணி நேரத்துக்கு மேல் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றுவாள். நாம் டீ ஆற்றுகிற மாதிரிதான்! காற்று கலந்தது, பவளம் பிழைத்தது. அந்தப் பெண்ணின் பெயரை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம்.

அடுத்து ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர். 1849-ல் கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் பிழைக்கும் என்பது கணக்கு. ஆனால் இலை அழுகித் தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சை வழுவழுப்பு ஏறியது. குளத்து நத்தைகள் ஐந்தாறை உள்ளே விட்டார். அழுகலை அவை தின்றன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு இரையாயின. தண்ணீர் தெளிந்தது. இதை 1850-ல் வெளியிட்டார். பிறகு கடல் தண்ணீரிலும் முயன்றார். அங்கே அந்த வேலைக்குப் பெரிவிங்கிள் என்னும் கரையோர நத்தை வந்தது.

அது லண்டனுக்குப் புதிதல்ல. ஏழைகள் தெருவில் வாங்கி அவித்துத் தின்னும் பண்டம், சந்தைக்கு உயிரோடேயே வரும். தண்ணீரில் மிதக்கவிட்டு அல்ல, வெறும் ஈரத்தில். இந்த நத்தையின் காலில் ஒரு வட்ட மூடி உண்டு. உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினால் ஈரம் போகாது. ஈரமிருக்கும்வரை செவுள் காற்றிலிருந்தே கொஞ்சம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். எங்கள் பாட்டிலில் நடந்தது நேர்மாறு. விளிம்பு வரை தண்ணீர், காற்றுக்கு இடமே இல்லை. இருந்த ஆக்சிஜன் தீர்ந்து ஒன்று செத்திருக்கும், அதன் அழுகல் மற்றவற்றைக் கொன்றிருக்கும். ஈரப் பாசியில் சுற்றிக் கூடையில் வைத்திருந்தாலே போதும்.

அடுத்தது உப்பு விவகாரம். ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 1853-ல் வேமத் கரையில் உயிர்களைச் சேகரித்து லண்டன் விலங்கியல் பூங்காவின் புதிய மீன் இல்லத்துக்கு அனுப்பியவர். ரயில் வந்திராவிட்டால் அது நடந்திருக்காது. 1854-ல் அவர் செயற்கைக் கடல்நீர் செய்தார். சாப்பாட்டு உப்போடு பேதி உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என நான்கு சரக்கு. நான் போட்டது ஒன்றே ஒன்று. கல் உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே என்று நினைத்தேன். உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும் என்று அன்று எனக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய தப்பு, சட்டென்று போட்டது. மீனுக்குத் தன் உடம்பின் உப்பைக் கட்டுப்படுத்தத் தெரியும். கடல் நத்தைக்கு அது வராது. வெளித் தண்ணீரில் எவ்வளவு உப்போ அவ்வளவுதான் உள்ளேயும். உப்புக் குறைந்த தண்ணீரில் போட்டால் தண்ணீர் உடம்புக்குள் ஏறி வீங்கிவிடும். என் மாணவன் செய்ததைக் கேளுங்கள். வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்தான். பிறகு நத்தைகளைக் கிண்ணத்தில் வைத்து, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்கினான். கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் கொட்டிவிட்டான், அதில் கழிவு இருக்கும். கடைசியில் ஒவ்வொன்றையும் கால் கீழே இருக்கும்படி வைத்தானாம். மல்லாந்து விழுந்தால் சில நத்தைகளுக்குத் திரும்பத் தெரியாது.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காஸின் புத்தகங்களைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கரைக்குப் போய் அள்ளினார்கள். அப்பா வர்ணித்த பாறைக் குட்டைகள் வெறுமையாகிவிட்டன என்று அவர் மகன் எட்மண்ட் 1907-ல் வருந்தி எழுதினார். நம் சென்னையில் 1909-ல் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் திறந்தபோது அதை மெரினாவிலேயே வைத்தார்கள். கடல் பக்கத்திலேயே இருந்தது. நாமோ பாறையில் நிம்மதியாக இருந்ததைப் பொறுக்கி வந்து கொன்றோம். பொறுக்கச் சொன்னது நான்தான், நீங்கள் அல்ல.

1991 பிள்ளைகளே, அன்று நான் சொன்ன பதிலை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிலை மடியில் வைத்திருந்தது யார் என்று நினைவிருந்தால் கீழே சொல்லுங்கள். அவளிடம் தனியாகவும் பேச வேண்டும்.

இன்று காலை மறுபடி படம் வந்தது. ஐந்து நத்தைகள் கண்ணாடியில் ஏறிப் பாசி மேய்கின்றன. ஆறாவது இன்னும் கதவைத் திறக்கவில்லையாம். எடுத்து முகர்ந்து பார், நாற்றம் இல்லையென்றால் நாளை வரைக்கும் விட்டுவை என்று சொல்லியிருக்கிறேன்.